தண்ணீர் போகும் வழி: ஊத்தங்கரை பெருமழைக்குப் பிறகு ஓர் ஊரின் திட்டம்

2024 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 செ.மீ. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அந்த ஒரே நாளில் கொட்டியது. பக்கத்தில் தர்மபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரையில் பரசனேரி நிரம்பி வழிந்த தண்ணீர், பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தீப்பெட்டி போல உருட்டிக்கொண்டு போன காணொளியை நாடே பார்த்தது. பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அது எந்தக் கடற்கரை ஊர்?"

கடலுக்கும் எங்களுக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கி.மீ. இடைவெளி.

நான் நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊத்தங்கரை வட்டத்தில் ஒரு சிறிய கிராமம் என் ஊர். அந்த மழைக்குப் பிறகு ஊரில் நாங்கள் உட்கார்ந்து பேசியது, சண்டை போட்டது, நடந்து பார்த்தது, கடைசியில் ஒரு தாளில் எழுதி முடித்தது எல்லாவற்றையும் இங்கே பதிந்து வைக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பக்கத்து ஊர்க்காரர்களோடு இன்னும் சில கணக்குகள் தீராமல் இருக்கின்றன.

"வலுவிழந்தது" என்ற சொல்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் பல மணி நேரம் அங்கேயே அசையாமல் நின்றது. டிசம்பர் 1 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறியது. "புயல் வலுவிழந்தது" என்று தொலைக்காட்சியில் வந்ததும் எங்கள் தெருவில் எல்லோரும் நிம்மதியாகி, மாட்டை வழக்கம்போல ஓடையோரக் கொட்டகையிலேயே கட்டினார்கள்.

எங்கள் ஊரில் நடந்த முதல் தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். கடற்கரைக்காரர்களுக்குப் புயல் என்றால் காற்று. அது வலுவிழந்தால் அவர்களுக்கு ஆபத்து குறைகிறது. உள்நாட்டில் அப்படி இல்லை. காற்று வலுவிழந்த அந்தச் சுழல் மெதுவாக மேற்கே நகர்ந்து, ஜவ்வாது மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவில் உள்ள எங்கள் பகுதியில் தன்னிடம் இருந்த தண்ணீரை எல்லாம் இறக்கியது. அறிவிப்பில் பிழை ஒன்றும் இல்லை. அதை எங்களுக்கு ஏற்றபடி எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். "எவ்வளவு காற்று" என்பதை விட்டுவிட்டு, "எத்தனை செ.மீ. மழை, எத்தனை மணி நேரத்துக்குள்" என்று கேட்கப் பழக வேண்டும். எங்கள் தாளில் எழுதிய முதல் வரியே அதுதான்.

வறட்சிக்கென்றே பழகிய ஊர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் தண்ணீர் இல்லாத கதைக்குப் பேர் போனவை. ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆடியில் சாமிக்குக் கூழ் ஊற்றும்போதுகூட மழை வேண்டும் என்றுதான் கேட்போம், போதும் என்று கேட்டு எனக்கு நினைவில்லை.

அப்படிப்பட்ட ஊர் ஏரியை என்ன செய்யும்? கிடைக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்கப் பார்க்கும். எங்கள் ஏரிக் கோடியில் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்; கலிங்கு என்று ஏட்டில் எழுதுவதை நாங்கள் கோடி என்போம்) பல ஆண்டுகளாகவே கல்லும் மண் மூட்டையும் அடுக்கி ஒரு முழம் உயர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றால் கிணறுகளில் இரண்டு மாதம் ஊறும். அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் அப்பாவும் மூட்டை தூக்கியவர்தான்.

கோடியிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஓடையில் முப்பது ஆண்டுகளாகப் பெரிதாகத் தண்ணீர் ஓடவே இல்லை. ஓடாத ஓடையை யாரும் ஓடையாக மதிப்பதில்லை. முதலில் ஒருவர் வைக்கோல் போர் போட்டார். அப்புறம் ஒரு கொட்டகை வந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் வரப்பு ஓரடி ஓரடியாக நகர்ந்தது. மிச்சத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. ஊருக்குத் தார்ச்சாலை வந்தபோது ஓடைக்குக் குறுக்கே சாலை போட்டார்கள். சாலைக்கு அடியில் ஒரே ஒரு சிமென்ட் குழாய் வைத்தார்கள். அன்றைக்கு அது போதும் என்றுதான் எல்லோருக்கும் பட்டது.

ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலுக்காக இந்த ஊர் எத்தனையோ மனு கொடுத்திருக்கிறது. தண்ணீர் போகும் வழிக்காக ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை.

ஒரு குழாயின் கணக்கு

கூட்டத்தில் நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். மண் ஏற்கனவே ஊறியிருந்தால் அதில் பெரும்பகுதி ஓடத்தான் செய்யும். முழுவதும் 24 மணி நேரத்தில் ஒரே சீராக ஓடுகிறது என்று வைத்தாலும் நொடிக்குச் சுமார் 200 கன அடி. மழை ஒரே சீராகப் பெய்யாது. கொட்டுகிற இரண்டு மூன்று மணி நேரத்தில் இது பல மடங்காகும்.

சாலைக்கு அடியில் இருக்கும் குழாய்க்கு 90 செ.மீ. விட்டம். அதில் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முழுசாக ஓடினால் வெளியேறுவது நொடிக்குச் சுமார் 45 கன அடி. ஆக, ஒரு சதுர கி.மீ. நிலத்தின் சராசரி ஓட்டத்துக்கே அப்படிப்பட்ட குழாய்கள் நாலைந்து வேண்டும். எங்கள் ஓடையில் சேரும் நிலம் ஒரு சதுர கி.மீ.யைவிட நன்றாகவே அதிகம். குழாயின் வாயில் கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தது வேறு.

அன்றிரவு சாலை அணையாக மாறியது. தண்ணீர் தேங்கி, ஏறி, சாலையைத் தாண்டி, பள்ளத்துத் தெருவுக்குள் இறங்கியது. காலையில் அந்தக் குழாய் ஓடைக்கு நடுவில் தனியாகக் கிடந்தது, இருபுறமும் சாலையைக் காணோம்.

ஏரிக் கரை உடையவில்லை. உடையாததற்குக் காரணமும் எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. கோடியில் இருந்த மூட்டைகளில் பாதி, நைந்த சாக்கு என்பதால், வெள்ளத்தின் அழுத்தத்தில் தானாகவே பிய்த்துக்கொண்டு போயின. கெட்டியாகச் சிமென்ட் பூசி உயர்த்தியிருந்தால் தண்ணீர் கரைக்கு மேலே ஏறியிருக்கும். மண் கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் அரித்து உடைய அதிக நேரம் ஆகாது.

முதல் கூட்டம் கெட்டுப்போனது

மழை நின்ற அடுத்த வாரம் கோயில் திண்ணையில் முதல் கூட்டம். "இனி வெள்ளம் வந்தால் என்ன செய்வது" என்று பேசக் கூப்பிட்டிருந்தோம். வந்தவர்கள் யாருக்கும் அது காதிலேயே ஏறவில்லை. யார் பெயர் நிவாரணப் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் விட்டுப் போனது என்பதே பேச்சு. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் குடும்பங்களுக்கு அறிவித்த 2,000 ரூபாய் நமக்கு ஏன் இல்லை என்ற கோபமும் இருந்தது. நியாயமான கோபம்தான். மழை மாவட்ட எல்லை பார்த்துப் பெய்யவில்லையே.

வீட்டுக்குள் சேறு கிடக்கும்போது பத்து ஆண்டுத் திட்டம் பேசுவது அபத்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதனால் முதல் மாதம் முழுக்க இழப்பைப் பதிவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம். அதுவும் பயன்பட்டது. ஏனென்றால் பேரிடர் நிவாரண விதிகளில் என்னென்ன இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. அப்போதைய விதிப்படி, பாசன நெல் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. இதெல்லாம் ஓரளவு காதில் விழுந்த தொகைகள். நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்ற, சிறு, குறு விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு 18,000 வரை உண்டு என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஓடையோர நிலங்களில் பயிரைவிட மண்தான் பெரிய இழப்பு. ஒரு முழம் மணல் ஏறிய வயலில் மரவள்ளியும் வராது, நெல்லும் வராது.

அதிலும் ஒரு சிக்கல். மணலை அவசரப்பட்டு வழித்துத் தள்ளியவர்களிடம் அளந்து காட்ட ஒன்றும் இல்லை. இனி இப்படி ஒன்று வந்தால், மண்வெட்டி எடுக்கும் முன் ஒரு குச்சியை நட்டு, பக்கத்தில் அளவுகோலை வைத்து, வரப்பும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். ஆட்டுக்கும் அப்படித்தான். புதைக்கும் முன் படம், கால்நடை மருத்துவரின் சான்று. நாற்றம் தாங்காமல் முதல் நாளே புதைத்தவர்கள் அப்புறம் அலைந்ததைப் பார்த்தோம்.

ஓடையை நடந்து பார்த்தது

தை பிறந்த பிறகு, அறுவடை வேலை கொஞ்சம் ஓய்ந்ததும், ஓடையை மேலிருந்து கீழ்வரை நடப்பது என்று முடிவு செய்தோம். கையில் பழைய கிராம வரைபடமும் புல வரைபடங்களும். எங்கள் பக்கத்துப் பழைய வரைபடங்களில் சேலம் மாவட்டம் என்றுதான் இருக்கும். தர்மபுரி பிரிந்தது 1965இல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். மாவட்டப் பெயர் இரண்டு முறை மாறியும், வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கின் கோடு மாறவில்லை. தரையில்தான் அதைத் தேட வேண்டியிருந்தது.

வரைபடத்தைவிட அதிகம் உதவியவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். ஓரிடத்தில் நின்று தடியைத் தரையில் ஊன்றி, "இங்கதான் தம்பி ஓடை ரெண்டாப் பிரியும். நான் மாடு மேய்க்கறப்ப இந்தக் கிளையிலதான் தண்ணி அதிகம்" என்றார். அவர் காட்டிய இடம் இப்போது நிலக்கடலை வயல். வரைபடத்தில் பார்த்தால் அங்கே மெல்லிய இரட்டைக் கோடு. டிசம்பர் வெள்ளம் அந்த வயலைத்தான் கிழித்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீருக்கு யாரும் வரைபடம் காட்டவில்லை.

அந்த வயல்காரர் எங்களோடுதான் நடந்து வந்தார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அன்றைக்கு யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் வந்த சட்டம் இருக்கிறது. அதை வைத்து மேலிடத்தில் மனு கொடுக்கலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். கொடுத்தால் இருபது வீட்டோடு ஜென்மப் பகை, ஓடை மட்டும் அப்படியே இருக்கும் என்பது என் கட்சி. வயல்காரரே இரண்டு நாள் கழித்து வந்து, "முழுசா விட முடியாதுங்கண்ணா. பத்தடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்துக்குங்க, மழை இல்லாத காலத்துல அதுலயே நான் தட்டைப்பயறு போட்டுக்கறேன்" என்றார். சட்டப்படி சரியா என்று கேட்டால் இல்லை. ஆனால் பள்ளம் வெட்டியாகிவிட்டது.

கரை அல்ல, கோடி

இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றே: ஏரிக் கரையை இன்னும் இரண்டடி உயர்த்த வேண்டும். நானும் அதற்குத் தலையாட்டியிருப்பேன். எங்களுக்குக் கீழே உள்ள ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, "நீங்க ஒசத்துங்க மாமா. ஒசத்தின கரை ஒரு நாள் உடைஞ்சா அது எங்க தலைமேலதானே விழும்? எங்களக் கேட்டீங்களா?" என்றார். கூட்டமே அவரைத் திட்டியது. நானும் உள்ளுக்குள் திட்டினேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

இந்தப் பக்கத்து ஏரிகள் தனித்தனி ஏரிகள் அல்ல. மேல் ஏரியின் கோடித் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து, அதன் கோடி அதற்கும் கீழே. கடைசியில் பாம்பாற்றுக்குப் போய், தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்குப் போகிறது. அரூர்ப் பக்கத்து வாணியாறும் தென்பெண்ணைக்குத்தான். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதையும், அதற்குக் கீழே விழுப்புரமும் கடலூரும் பட்ட பாட்டையும் செய்தியில் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் எங்கள் கோடியில் வழிந்ததும் உண்டு.

இப்படிப்பட்ட சங்கிலியில் ஓர் ஏரி உடைந்தால், தேக்கி வைத்த மொத்தத் தண்ணீரும் ஒரே வீச்சில் கீழ் ஏரிக்கு வந்து அதையும் உடைக்கும். ஒரு ஊர் தன் கரையை மட்டும் உயர்த்திக்கொள்வது கீழ் ஊருக்கு ஆபத்தைக் கூட்டி அனுப்புவதுதான்.

ஆக, தாளில் கரை உயர்த்துவது அடிபட்டது. அதற்குப் பதில் கோடியில் மூட்டையோ கல்லோ அடுக்கக் கூடாது. இதற்கு விவசாயிகளை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. ஒரு முழத் தண்ணீரை விட்டுக்கொடுப்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஈடாக, ஏரி உள்வாயில் வண்டல் எடுத்து ஆழத்தைக் கூட்டுவது என்று பேசினோம். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கிறது, அது உதவியது. நிபந்தனை ஒன்று: கரையின் அடியை ஒட்டி யாரும் தோண்டக் கூடாது. டிராக்டர் சுலபமாக நிற்கும் இடம் அதுதான் என்பதால் எல்லோரும் அங்கேதான் தோண்டுவார்கள். கரையின் காலை வெட்டிவிட்டுத் தலையை உயர்த்தி என்ன பயன்? கரை ஓரம் இருபதடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். முதல் வாரம் மதித்தார்கள். அப்புறம் ஒருவர் இரவில் தோண்டினார். அவருடைய டிராக்டர் சாவி இரண்டு நாள் கோயில் பூசாரியிடம் இருந்தது.

கரையில் நண்டு வளை, எலி வளை அடைப்பது, மதகை ஒட்டிய கசிவைப் பார்ப்பது, குழாய் வாயில் முள் எடுப்பது ஆகிய மூன்றையும் புரட்டாசிக்குள் முடிப்பது என்று எழுதினோம். இதில் பெருமை பேச ஒன்றும் இல்லை, நம் தாத்தாக்கள் செய்ததுதான்.

இரவில் யார் யாருக்குச் சொல்வது

கோடிச் சுவரில் பெயின்டால் மூன்று கோடு. பச்சைக்கு ஒன்றும் இல்லை. மஞ்சளைத் தொட்டால் கீழ் ஊருக்கு ஒரு அழைப்பு. சிவப்பைத் தொட்டால் பள்ளத்துத் தெரு காலி, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு. மேல் ஊரிலும் அதே கோடு போட்டுக் கொடுத்தோம். எங்களுக்கு அவர்கள் சொல்ல வேண்டும், நாங்கள் கீழே சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர், இரண்டு எண். ஒருவர் தூங்கிவிட்டால் இன்னொருவர். கைப்பேசிக் கோபுரம் அன்றைக்கு அதிகாலையிலேயே படுத்துவிட்டது என்று நினைவுபடுத்தினார்கள். அதனால் கடைசி வழி பைக்கில் போய்க் கதவைத் தட்டுவது. கோயில் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வேண்டுமே என்று ஒரு பழைய டிராக்டர் பேட்டரி வாங்கி வைத்தாயிற்று. மாவட்ட அவசர எண் 1077 எல்லார் வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டது. அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலியான டிஎன் ஸ்மார்ட்டைப் பிள்ளைகள் தரவிறக்கிக் கொடுத்தார்கள், பெரியவர்கள் யாரும் அதைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

மாடுகளை எங்கே கட்டுவது என்பதுதான் பெண்கள் கிளப்பிய கேள்வி. ஆண்கள் யோசிக்கவே இல்லை. "மாட்ட விட்டுட்டு நாங்க பள்ளிக்கூடத்துக்கு வருவோம்னு நெனச்சீங்களா?" என்று ஓர் அக்கா கேட்டார். பள்ளிக்கு மேற்கே உள்ள கரட்டு மேட்டில் முளைக்குச்சி அடித்து இடம் ஒதுக்கியது அதன் பிறகுதான். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியை வெள்ளம் தொட்ட அடையாளத்துக்கு மேல் ஏற்றி வைப்பதும் அவர்கள் சொன்னதுதான். வெள்ளத்துக்குப் பிறகு குடத்தோடு நடந்தவர்கள் அவர்கள் அல்லவா.

நிற்கும் வேலை

இதெல்லாம் ஊர் தன் கைக்காசிலும் உடலுழைப்பிலும் செய்தது. பெரிய வேலை சாலைக்கு அடியில் இருக்கிறது. குழாயை எடுத்துவிட்டுச் சிறுபாலம் கட்ட வேண்டும். அதற்கு ஊராட்சித் தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம் என்றால், எங்கள் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்புறம் தனி அலுவலர் நிர்வாகம். ஒரு அலுவலரின் கையில் பல ஊராட்சிகள். கிராம சபையில் எழுதிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் "இந்த வேலை என்ன ஆச்சு?" என்று காலையில் டீக்கடையில் மடக்கிக் கேட்க ஒரு தலைவர் ஊரில் இல்லாதது எத்தனை பெரிய குறை என்பது அனுபவித்தால்தான் தெரிகிறது.

வெள்ளம் அறுத்துப்போன இடத்தில் சாலையைத் தற்காலிகமாகச் சரிசெய்தபோது, அதே 90 செ.மீ. குழாயைத் தூக்கி அதே இடத்தில் வைத்து மண் போட்டு மூடினார்கள். வேலை செய்தவர்களிடம் என் கணக்கைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எஸ்டிமேட்ல இதுதான் சார் இருக்கு" என்றார் மேஸ்திரி. அவர் மேல் தப்பில்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் தரையை ஓரடி தாழ்த்தி, கல் பதித்து, குழாய் தாங்காத தண்ணீர் சாலைக்கு மேலேயே அரிக்காமல் தாண்டிப் போகும்படி செய்து வைத்திருக்கிறோம். பாலம் வரும்வரை அதுதான் ஏற்பாடு.

மஞ்சள் கோட்டைத் தண்ணீர் இதுவரை ஒரே ஒரு முறை தொட்டது. இரவு பதினொரு மணி. எங்கள் ஆள் கீழ் ஊருக்கு அழைத்தார். எடுத்தவர், கூட்டத்தில் எங்களிடம் திட்டு வாங்கிய அதே மனிதர். "நான் ஏற்கனவே கோடியிலதான் நிக்கறேன் மாமா, உங்க தண்ணி இன்னும் வரல" என்றார்.